பெய்2: ஹாங்காங் வந்தவர்கள் ஒரு கான்டனீஸ் வினைச்சொல்லைச் சரியாகப் பழகுவது எப்படி

ஹாங்காங்குக்கு வந்த நான்காவது மாதம். சந்தையில் கீரைக் கடை, தலைக்கு மேலே சிவப்பு மூடி போட்ட விளக்கு. கடைக்கார அம்மா சோய்சம் கீரையை நிறுத்துப் பையில் போட்டுவிட்டார். "நான் காசு கொடுக்கிறேன்" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் ஹாங்காங்கின் பேச்சுச் சீனமான கான்டனீஸில் "பெய்2 ஙோ5 ச்சின்2" என்றேன் (சொல்லுக்குப் பின்னால் வரும் எண் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்). நீட்டிய அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. நான் சொன்னதற்கு "எனக்குக் காசு கொடு" என்று அர்த்தம்.

அவர் கோபப்படவில்லை. ஈர விரலால் என்னைக் காட்டி "நெய்5" என்றார். என் கையிலிருந்த நோட்டைக் காட்டி "பெய்2 ச்சின்2" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு "ஙோ5". நீ, கொடு, காசு, எனக்கு. மூன்று மாதமாக முந்நூறு சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்தும் எனக்குப் பிடிபடாதது அந்த அரை நிமிடத்தில் பிடிபட்டது.

அன்றிலிருந்து பட்டியலை மூடி வைத்துவிட்டு 'பெய்2' என்ற ஒரே வினையை மூன்று வாரம் பழகினேன். கொடுப்பது, பணம் கட்டுவது, அனுமதிப்பது, ஒன்றுக்கு ஆளாவது, நம் 'க்கு' வேற்றுமை என்று ஐந்து வேலைகளை இந்த ஒரு சொல் செய்கிறது. புதிதாக வந்திருக்கிறீர்கள் என்றால் இதிலிருந்து தொடங்குங்கள். நான் தடுக்கிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கையில் என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

ஒரு சின்ன நோட்டும் கைப்பேசியும் போதும். 'வேர்ட்ஸ் டாட் ஹெச்கே' என்ற கான்டனீஸ் அகராதி இணையத்தில் இலவசம். அதில் சொல்லுக்குப் பொருள் மட்டுமல்லாமல் பேச்சு வாக்கியங்களும் இருக்கின்றன. எனக்கு அதிகம் உதவியது அந்த வாக்கியங்கள்தான்.

ஒலியை எழுத 'யூத்பிங்' முறையை மட்டும் பயன்படுத்துங்கள். ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993-இல் உருவாக்கிய முறை இது. சொல்லுக்குப் பின்னால் 1 முதல் 6 வரை ஓர் எண் வரும், அதுதான் தொனி. பழைய பாடநூல்களில் 'யேல்' என்று இன்னொரு முறை இருக்கும். அதில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தின் மேல் கோடு போடுவார்கள். இரண்டையும் ஒரே நோட்டில் கலந்தால் ஒரே சொல்லை இரண்டு சொல்லாகப் படிப்பீர்கள். நான் இரண்டு வாரம் அப்படித்தான் படித்தேன்.

வகுப்புக்குப் போக நினைத்தால், பல்கலைக்கழக வகுப்புகளுக்குப் பல ஆயிரம் ஹாங்காங் டாலர் ஆகும். அதற்கு முன், அரசு நிதியில் தொண்டு அமைப்புகள் நடத்தும் சிறுபான்மை இனத்தவர் ஆதரவு மையங்களில் கேட்டுப் பாருங்கள். அங்கே மொழி வகுப்புகள் பெரும்பாலும் இலவசம். பதிவு செய்ய ஹாங்காங் அடையாள அட்டை கேட்பார்கள். 180 நாளுக்கு மேல் தங்க வந்தவர்கள் வந்த 30 நாளுக்குள் அந்த அட்டைக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், ஆகவே முதலில் அதை முடியுங்கள். குவுன் டோங்கில் உள்ள 'சியர்' மையத்தில் தொலைபேசி மொழிபெயர்ப்பு உதவி உண்டு. இந்தி, உருது, பஞ்சாபி, நேபாளி எல்லாம் இருக்கின்றன, தமிழ் இல்லை. நமக்கு இன்னொரு மொழி வழியாகத்தான் உதவி கிடைக்கும். நாமே பேசக் கற்றுக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரம்: நாளுக்கு 15 நிமிடம் வீட்டில், ஒரு வாக்கியமாவது வெளியில்.

2. ஒலியைத் தமிழ்க் காதால் பிடியுங்கள்

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. யூத்பிங்கில் இந்தச் சொல்லை ஆங்கில 'பி' எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். அதைப் பார்த்ததும் 'பேருந்து நிலையம்' என்பதற்கு 'பஸ் ஸ்டாண்டு' என்று சொல்லும்போது வரும் அதிர்வுள்ள 'ப' வந்துவிடும். அது தவறு. 'பல்', 'பால்' என்னும்போது வரும் காற்றில்லாத தமிழ் 'ப'தான் இங்கே வேண்டும். 'மழை பெய்' என்பதில் உள்ள 'பெய்' கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

அப்புறம் தொனி. 2 என்பது கீழிருந்து மேலே ஏறும் தொனி. ஆச்சரியத்தோடு "ஆ?" என்று கேட்கும்போது குரல் ஏறுமே, அந்த ஏற்றம். ஏறாமல் தாழ்வாகவே நின்றால் 'பெய்6' ஆகிவிடும், அது மூக்கு. வாக்கியத்தின் போக்கை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார், ஆனாலும் ஒரு நொடி தடுமாறுவார்.

'ஙோ5' என்றால் நான், எனக்கு, என்னை எல்லாம். அரிச்சுவடியில் மட்டுமே பார்த்த 'ங' இங்கே ஊரெல்லாம் கேட்கும். பலர் 'ங'வை விட்டு 'ஓ5' என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. இந்தக் கட்டுரையில் காற்றோடு வரும் ஒலிகளை 'த்ஹ', 'ச்ச' என்று எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்து எல்லாவற்றையும் காட்டாது, நோட்டில் எழுதிக்கொள்ளும் முன் ஒருமுறை காதால் கேட்டுவிடுங்கள்.

3. பொருள் முன்னே, ஆள் பின்னே

இதுதான் முக்கியமான படி, நான் கீரைக் கடையில் விழுந்த இடமும் இதுவே.

தமிழில் "எனக்கு ஒரு பை கொடுங்கள்" என்கிறோம். ஆள் முதலில், பொருள் அடுத்து, வினை கடைசியில். இடம் மாறினாலும் 'எனக்கு' என்பதில் உள்ள 'க்கு' நம்மைக் காப்பாற்றிவிடும். கான்டனீஸில் வேற்றுமை உருபு கிடையாது. சொல் நிற்கும் இடம்தான் உருபு. வினை முதலில், பொருள் அடுத்து, வாங்குகிறவர் கடைசியில்:

ம்4 கொய்1 பெய்2 கோ3 தொய்2 ஙோ5.
(தயவுசெய்து, கொடு, ஒரு, பை, எனக்கு.)

முதலில் இதை மனப்பாடம் செய்யுங்கள், கடைக்குக் கடை பயன்படும். 2022 டிசம்பர் 31 முதல் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 1 டாலர் வாங்குகிறார்கள், அதனால் கேட்டால்தான் பை வரும். 'கோ3' என்பதை விட்டுவிடாதீர்கள். பொருளுக்கு முன் அதன் வகைச்சொல் வர வேண்டும்: பைக்கு 'கோ3', தாள், அட்டை போன்ற தட்டையானவற்றுக்கு 'ஜியோங்1', புத்தகத்துக்கு 'பூன்2'.

ரசீது கேட்க: ம்4 கொய்1 பெய்2 ஜியோங்1 ஸவ்1 கோய்3 ஙோ5.

அலுவலகத்தில் வாங்கி வைத்த அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்க, 'பெய்2'க்குப் பின் 'ஃபான்1' சேருங்கள், அது 'திரும்ப': ம்4 கொய்1 பெய்2 ஃபான்1 ஜியோங்1 ஸன்1 ஃபன்2 ஜிங்3 ஙோ5.

பொருள் எது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் அதை விட்டுவிட்டு 'பெய்2 ஙோ5' என்று மட்டும் சொல்லலாம். இங்கேதான் பொறி. 'பெய்2 ஙோ5' என்பது அடிக்கடி காதில் விழுவதால் ஒட்டிய ஒரே சொல்லாக மனதில் பதிந்துவிடும். பிறகு பொருளை அதன் பின்னால் ஒட்டுவோம். நான் "பெய்2 ஙோ5 ச்சின்2" என்றது அப்படித்தான். அதனால் இதை 'பெய்2 ___ ஙோ5' என்று நடுவில் கோடிட்டு எழுதிப் பழகுங்கள். சீனாவின் பொது மொழியான மாண்டரின் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கும் இதே ஆபத்து, அங்கே ஆள் முன்னே வரும்.

4. காசு கட்டுவது

'பெய்2 ச்சின்2' என்றால் காசு கொடு, அதாவது பணம் செலுத்து. சாப்பாட்டுக் கடையில் "நெய்5 பெய்2 ஜோ2 ச்சின்2 மெய்6?" என்று கேட்டால், "பணம் கொடுத்துவிட்டீர்களா, இன்னும் இல்லையா?" என்று பொருள். முடிந்த செயலுக்கு 'ஜோ2' என்பது வினையை ஒட்டி வரும், காசுக்குப் பின்னால் வராது. "பெய்2 ச்சின்2 ஜோ2" என்று சொல்லாதீர்கள். கொடுத்துவிட்டால் 'பெய்2 ஜோ2', இல்லையென்றால் 'மெய்6 பெய்2'.

ஆனால் எல்லாப் பணத்துக்கும் 'பெய்2' இல்லை. மாதாமாதம் கட்டுபவற்றுக்கு 'காவ்1' என்கிறார்கள், நாம் வாடகை, கட்டணம் எல்லாம் 'கட்டு'கிறோமே, அதுபோல. வாடகைக்கு 'காவ்1 ஜோவ்1', மின்கட்டணத்துக்கு 'காவ்1 தின்6 ஃபய்3', பள்ளிக் கட்டணத்துக்கு 'காவ்1 ஹொக்6 ஃபய்3'. விண்ணப்பப் படிவம் கொடுப்பதற்கும் இதே 'காவ்1'தான்.

வீடு பிடிக்கும்போது இரண்டும் ஒரே நாளில் வரும். வழக்கமாக இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, தரகருக்கு அரை மாத வாடகை, எல்லாம் கையெழுத்திடும் அன்றே கேட்பார்கள். முன்பணத்துக்கு 'ஒன்3 கம்1' என்று பெயர். "பெய்2 ஜோ2 ஒன்3 கம்1" என்று தரகர் சொன்னால் "முன்பணம் கொடுத்தாயிற்று" என்று ஒப்புக்கொள்கிறார். அந்த 'ஜோ2' காதில் விழுந்ததும் மேலே சொன்ன ரசீது வாக்கியத்தைச் சொல்லுங்கள். ரசீது கைக்கு வராமல் எழுந்திருக்காதீர்கள்.

5. 'க்கு'வாக வரும் பெய்2

வேறொரு வினை முன்னால் வந்து, அதன் பலன் ஒருவரைப் போய்ச் சேர்ந்தால், அவருக்கு முன் 'பெய்2' வரும். நம் 'க்கு' முன்னால் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தா2 தின்6 வா2 பெய்2 ஙோ5 — எனக்கு போன் பண்ணு.
கொங்2 பெய்2 ஙோ5 த்ஹெங்1 — எனக்குச் சொல். (சொல், கொடு, நான், கேட்க.)

கடன் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் 'ஜெ3' என்ற ஒரே வினைதான். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்பதை 'பெய்2'தான் பிரித்துக் காட்டும். "ஜெ3 ஜி1 பட்1 பெய்2 ஙோ5" என்றால் எனக்கு ஒரு பேனா இரவல் கொடு. நான் வாங்குவதானால் 'பெய்2' வராது: "ஙோ5 மன்6 நெய்5 ஜெ3 ஜி1 பட்1", உன்னிடம் கேட்டு வாங்குகிறேன்.

தமிழர்களுக்கென்றே இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாம் எல்லா உதவிக்கும் 'கொடு' போடுவோம்: பிடித்துக்கொடு, தூக்கிக்கொடு, சொல்லிக்கொடு. கான்டனீஸில் அது செல்லாது. பொருள் கடைசியில் என் கைக்கு வந்தால்தான் 'பெய்2'. எனக்காக ஒருவர் ஒரு வேலையைச் செய்தால் 'பொங்1'.

லோ2 பெய்2 ஙோ5 — எடுத்து என்னிடம் கொடு.
பொங்1 ஙோ5 லோ2 ஜ்யூ6 — எனக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொள்.

இரண்டு கையிலும் பையோடு மின்தூக்கி வாசலில் நின்றபடி, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் முதல் வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். எதை எடுத்துத் தரச் சொல்கிறேன் என்று அவர் என் காலடியைச் சுற்றித் தேடினார். 'சொல்லிக்கொடு' என்பதற்கு 'காவ்3' என்று தனி வினையே இருக்கிறது. 'முகம் கொடுத்துப் பேசு' என்பதை நினைத்துக்கொண்டு 'பெய்2 மின்2' என்று சொல்லிவிடாதீர்கள், அது ஒருவருடைய மரியாதை குறையாமல் நடந்துகொள்வது. பள்ளியில் பிள்ளைகளிடம் 'பெய்2 தி1 ஸம்1 கெய்1' என்று ஆசிரியர் சொன்னால் "இன்னும் கொஞ்சம் மனம் வைத்துப் படி" என்று அர்த்தம்.

6. அனுமதி

'பெய்2'க்குப் பின் பொருள் வராமல் ஆளும் அவர் செய்யும் செயலும் வந்தால், அது 'விடு', 'அனுமதி'.

பெய்2 ஙோ5 த்ஹய்2 ஹா5 — கொஞ்சம் பார்க்க விடு, காட்டு.
நி1 தோவ்6 பெய்2 ம்4 பெய்2 யிங்2 ஸியோங்2 கா3? — இங்கே படம் எடுக்க விடுவார்களா?

பதில் 'ம்4 பெய்2' என்று வந்தால், கூடாது.

வங்கியிலும் அலுவலகத்திலும் உங்கள் காதில் விழப்போவது இரண்டும் சேர்ந்த வாக்கியம்: "மா4 ஃபான்4 பெய்2 ஸன்1 ஃபன்2 ஜிங்3 ஙோ5 த்ஹய்2 ஹா5." அடையாள அட்டையை நான் பார்க்கக் கொடுங்கள். இதே இடத்தில் 'ஜ்யூ6 ஜி2 ஜிங்3 மிங்4' என்று வந்தால் முகவரிச் சான்று கேட்கிறார்கள். பெரும்பாலும் கடந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் பெயருக்கு வந்த மின்கட்டண ரசீதோ வங்கிக் கடிதமோ வேண்டும். புதிதாக வந்தவர்களிடம் அது இருக்காது. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் போங்கள், ஏற்றுக்கொள்வார்களா என்று போகும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.

7. ஆளானது: 'யன்4' என்ற சொல்லை விடாதீர்கள்

என் பணப்பை காணாமல் போன மாலை, அடுக்ககக் காவலரிடம் ஓடி "ஙன்4 பாவ்1 பெய்2 த்ஹவ்1 ஜோ2" என்றேன். 'பணப்பை திருடப்பட்டது' என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் "பெய்2 பின்1 கோ3?" என்று கேட்டார். "யாரிடம் கொடுத்தாய்?" என்று கேட்கிறார் என எண்ணி, "யாரிடமும் கொடுக்கவில்லை" என்றேன். அவர் கேட்டது "யார் திருடினார்?" என்று. பத்து நிமிடம் இருவரும் இரண்டு வெவ்வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் 'பெய்2' என்பது '-ஆல்'. ஆனால் யாரால் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தெரியாவிட்டால் 'யன்4', அதாவது 'யாரோ ஒருவர்':

ஙோ5 ஙன்4 பாவ்1 பெய்2 யன்4 த்ஹவ்1 ஜோ2.

'யன்4' இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும். நாம் திட்டு வாங்குகிறோம், அடி வாங்குகிறோம். அவர்கள் அதையே 'கொடு' வைத்துச் சொல்கிறார்கள்: "ஙோ5 பெய்2 யன்4 நாவ்6", நான் திட்டு வாங்கினேன். முதலில் தலைகீழாகத்தான் தெரியும். 'நான் அவரிடம் திட்ட என்னைக் கொடுத்துவிட்டேன்' என்று நினைத்துக்கொண்டேன், ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

பெரும்பாலும் கெட்டது நடந்தால்தான் இந்த அமைப்பு. கொசு கடித்தால் 'பெய்2 மன்1 ஙாவ்5'. அபராதம் விழுந்தால் 'பெய்2 யன்4 ஃபட்6 ச்சின்2'. தெருவில் குப்பை போட்டால் 2023 அக்டோபர் முதல் 3,000 டாலர் அபராதம், ஆகவே இந்த வாக்கியம் உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும். மழையில் நனைந்தால் "ஙோ5 பெய்2 யூ5 லம்4 ஸப்1 ஜோ2". மழை, பெய் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதால் எனக்கு மறக்காமல் நின்றது இதுதான்.

குழம்பினால் 'பெய்2'க்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பொருளும் பிறகு ஆளும் வந்தால் கொடுப்பது. ஆளும் பிறகு செயலும் வந்தால் விடுவது அல்லது ஆளாவது. செயல் நல்லதா, கெட்டதா, முடிந்துவிட்டதா என்பது அந்த இரண்டில் எது என்று சொல்லிவிடும்.

8. எங்கே பழகக் கூடாது

தொலைக்காட்சியின் வசன வரியைப் பார்த்துப் பழகாதீர்கள். பெரும்பாலும் பேசுவது கான்டனீஸ், கீழே ஓடுவது பொதுச் சீன எழுத்து நடை. காதில் 'பெய்2' விழும்போது திரையில் வேறு எழுத்து இருக்கும். செய்தி வாசிப்பவர் 'பெய்6' என்று சொல்வதும் கேட்கும். அது மூக்கு இல்லை, எழுத்து நடையின் '-பட்டது', சந்தைக்கு உதவாது. 'சீனம்' என்று மட்டும் போட்டிருக்கும் செயலிகள் கற்றுத் தருவது மாண்டரின். நான் மாதக் கட்டணம் கட்டிய மாலை வகுப்பு ஒன்றிலும் எழுத்து நடையையே கற்பித்தார்கள். பணம் கட்டும் முன், "எனக்கு ஒரு பை கொடுங்கள்" என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். பதிலில் 'பெய்2' இல்லாவிட்டால் வேறு வகுப்பு பாருங்கள்.

9. வெளியில் எப்போது, எப்படி

முதல் வாரம் 3, 4 படிகள் மட்டும். இரண்டாவது வாரம் 5, 6. மூன்றாவது வாரம் 7. சந்தைக்குக் காலை பத்தரைக்கு மேலோ மதியம் மூன்று மணி வாக்கிலோ போங்கள். வேலை முடிந்து கூட்டம் வரும் மாலை ஐந்துக்கு மேல் யாருக்கும் உங்களைத் திருத்த நேரம் இருக்காது. ஒரே கடைக்கே திரும்பத் திரும்பப் போவது நல்லது. உங்கள் குரல் அவர்களுக்குப் பழகும், எந்த இடத்தில் தவறுவீர்கள் என்பதும் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் பதில் வந்தாலும் அடுத்த வாக்கியத்தையும் கான்டனீஸிலேயே சொல்லுங்கள்.

கேட்டு வாங்கியதற்கும் செய்த உதவிக்கும் 'ம்4 கொய்1'. ஆனால் வாங்கி முடித்ததும் பல கடைகளில் ஒரு கொத்து வெங்காயத்தாளைக் கேட்காமலே பையில் செருகுவார்கள், நம் ஊர்க் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவதுபோல. அதற்கு 'பெய்2' சொல்வதில்லை, 'ஸுங்3', அன்பளிப்பாகத் தருவது. அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது 'தோ1 ஜெ6'.